பராமரிப்பாளரின் பெயர்

அன்று காலை, ஏரித் துறைமுக ஊரான பாலிக்சியில், மூன்றாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: சமூகநல அலுவலகத்திலிருந்து சரிபார்க்க வந்த மைராம், சாட்சிக் கையெழுத்துக்காக எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்த வேரா, தலைநகரிலிருந்து முந்தைய நாள் வந்து இறங்கிய நாத்தனார் ஷரிபா, ஒன்பது வருடமாக நோயாளியின் பீ மூத்திரம் அள்ளும் சல்கினாய், உள்ளறைக் கட்டிலில், வாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போன தெமிர்குல். அவர் சல்கினாயின் கணவனுக்கு அண்ணன். கணவன் ரஷ்யாவில். அவனைச் சேர்க்க வேண்டியதில்லை.

ஷரிபா புதிய ஏப்ரன் கட்டியிருந்தாள். கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.

மைராம் சர்க்கரைக் கிண்ணத்தில் போனைச் சாய்த்து நிறுத்தினாள். "பராமரிப்பாளர்னு ஷரிபா பேரு இருக்கு. மூணு வருஷமா உதவித்தொகை போய்க்கிட்டிருக்கு. யாரு ஷரிபா?"

"நான்தான். என் கூடப்பிறந்த தம்பி. நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

சல்கினாயின் கையில் கெட்டில் அப்படியே நின்றது. மூன்று வருடம். சக்கர நாற்காலி வாங்கித் தருகிறேன் என்று ஷரிபா காகிதங்களை எடுத்துப் போனதும் மூன்று வருடத்துக்கு முன்புதான். நாற்காலி வரவில்லை. உதவித்தொகை ஏதும் உண்டா என்று கேட்டபோதெல்லாம், "அது சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தான்" என்றாள்.

"இவளா பாக்குறா?" என்றாள் வேரா. "புது வருஷத்துக்கு ஒரு தடவ வருவா. மீன் வாங்கிட்டுப் போவா."

"கெழவி, கையெழுத்துப் போடத்தான் உன்னைக் கூப்பிட்டது."

"போடத்தான் போறேன். எதுல போடணும்னு பாத்துட்டுப் போடுவேன்."

"அம்மா, சண்டைய அப்புறம் வச்சுக்குங்க" என்றாள் மைராம். அவளுக்கு இன்னும் ஆறு வீடுகள் இருந்தன. "நான்தான் பாக்குறேன்னு யாரு சொன்னாலும், அவங்க வாயால நோயாளியோட முழுப்பேரு, பொறந்த தேதி, மருந்து, எல்லாம் இந்த போன் முன்னாடி சொல்லணும். சொல்லாதவங்க பேரு படிவத்துல வராது."

ஷரிபா பெயரும் தேதியும் கடகடவென்று சொன்னாள். மருந்துக்கு வந்ததும், "பிரஷர் மாத்திரை" என்றாள்.

"எத்தன வேள?"

"ரெண்டு... டாக்டர் சொல்றப்ப மூணு."

சல்கினாய் கெட்டிலைக் கீழே வைக்காமலே சொன்னாள். காலையில் அரை, ராத்திரி ஒன்று. வெறும் தண்ணீர் கொடுத்தால் புரையேறும், கஞ்சியாகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். இடது இடுப்பில் புண், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். பிறந்த தேதியும் சொன்னாள்.

"பேரு?"

"கிரேன் அண்ணன்."

"அது துறைமுகத்துல அவர் பாத்த வேல. பேரு என்ன?"

சல்கினாய் வாயைத் திறக்கவில்லை. வாக்கப்பட்டு வந்தவள் கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. தெமிர் என்றால் இரும்பு. இருபது வருடமாக அவள் இரும்பைக்கூடக் 'கறுப்பு' என்றுதான் சொல்லி வந்தாள். வந்த முதல் வாரம் வாய்தவறிச் சொன்னதற்குக் கன்னத்தைக் கிள்ளித் திருகியவள் ஷரிபாதான்.

அதே ஷரிபா இப்போது சிரித்தாள். "பாத்தீங்களா? பாக்குற ஆளோட பேரே தெரியல. பணம் மட்டும் வேணுமாம்."

மைராம் நிமிர்ந்து பார்த்தாள். "நானும் ஒரு வீட்டு மருமகதான். மாமனார் பேர நானும் சொன்னதில்ல. ஆனா இந்த போனுக்கு மாமனாரும் கெடையாது, மாமியாரும் கெடையாது. சொல்றியா, மூடட்டுமா?"

"சொல்லட்டும்" என்றாள் ஷரிபா. "அவன் காதுபடச் சொல்லிட்டு, இந்த வீட்டு மருமகள்னு எவன் மொகத்துல முழிப்பாள்னு பாக்குறேன்."

அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை.

சல்கினாய் கெட்டிலை வைத்தாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அறைவாசலில் நின்றாள்.

"தெமிர்குல் எசெங்குலோவ்" என்றாள், மாடிப்படி வரை கேட்கும்படி. "தெமிர்குல், திரும்புற நேரமாச்சு."

அவர் கழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வழக்கமாக இடதுகையால் கட்டில் கம்பியைப் பிடித்து அவளுக்குப் பாரம் குறைப்பார். அன்று பிடிக்கவில்லை. முழு உடம்பையும் அவள் ஒருத்தியாகவே புரட்டித் தலையணையை முட்டுக்கொடுத்தாள். மைராம் வாசலில் நின்று பார்த்து எழுதினாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து உன் பேருக்கு வரும். ஓய்வூதியத்துக்கும் வருஷம் சேரும். பழசுக்கு இந்தம்மா அலுவலகத்துக்கு வந்து பதில் சொல்லட்டும்."

வேரா கையெழுத்துப் போட்டாள். இருவரும் போனார்கள்.

ஷரிபா ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டினாள். "மானங்கெட்டவளே. உன் புருஷன் ரஷ்யாவிலேர்ந்து வரட்டும்."

"வரட்டும்."

"உள்ள படுத்திருக்கவன் இனி உன் கையால சாப்பிடுவானா?"

"சாப்பிடலன்னா நீ வந்து ஊட்டு."

ஷரிபா பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பையில் புகைபோட்ட மீன் மணத்தது. நேற்றே வாங்கியிருக்கிறாள்.

"ஷரிபா" என்றாள் சல்கினாய். அக்கா என்று சேர்க்கவில்லை. "தள்ளி நில்லு. இது இரும்புக் கதவு, அடிச்சுத்தான் சாத்தணும்."

அடித்துச் சாத்தினாள். மேல்பூட்டையும் கீழ்ப்பூட்டையும் இரண்டிரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.