மாதுவை அழ விடாத வூடு

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மகாராஜா பிறந்திருந்தான். பேரு மாது, வயசு ஒன்றரை. நெஞ்சிலே ஓட்டை. அழுதா உதடும் நகமும் நாவப்பழம் மாதிரி நீலம் பாரிச்சுப் போகும், மூச்சு நின்னு நின்னு வரும். "அழ விடாதீங்க, உசுருக்கே ஆபத்து"ன்னு தர்மபுரி டாக்டர் சொன்னாலும் சொன்னார், அன்னையிலிருந்து வூட்டிலே அவன் வச்சதுதான் சட்டம்.

அப்பன் சென்னப்பன் தக்காளி மண்டியிலே ஏலம் கூவுறவன். குரல் கேட்டுப் புள்ளை மிரண்டு அழுதுடுவான்னு, வூட்டுக்குள்ள வந்தா ஊமை. மோர் வேணும்னு ஜாடை காட்டுவான், ரசம் வரும், வாயைத் திறக்காம குடிச்சிட்டுப் போவான். அவனோட அக்கா குள்ளம்மாள்தான் இந்தச் சட்டத்துக்குப் போலீசு. விடியக்காலையிலே கூவிக் குழந்தையை எழுப்புதுன்னு பக்கத்து வூட்டுச் சேவலை விலைக்கு வாங்கி அறுத்தாள். எல்லாம் குழந்தைக்காகத்தான். குழம்பை மட்டும் அவளே தின்னாள். பாவம், எவ்வளவு தியாகம்! பெத்தவள் செல்லிக்கும் அழ உரிமை இல்லை. ஆத்தா அழுதா புள்ளையும் அழுவான்னு, வர்ற கண்ணீரை அடுப்புப் புகைமேல பழி போட்டு முழுங்கிக்கிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருசம் வேலூர் ஆஸ்பத்திரியிலே மாதுவோட நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைச்சாங்க. நல்லபடியா முடிஞ்சுது. மூச்சு விடுறதுக்காகத் தொண்டையிலே போட்டிருந்த குழாயை எடுத்த மறுநாள் டாக்டர் வந்தார்.

"சளி கட்டுது. புள்ளை இருமணும், வாய்விட்டு அழணும். அப்பத்தான் நுரையீரல் விரியும். இனிமே அழுதா ஒண்ணும் ஆகாது. யாரும் சமாதானம் பண்ணாதீங்க."

"சரிங்க, சரிங்க"ன்னு மூணு பேரும் தலையாட்டினாங்க. தலையாட்டுறதிலே நம்ம சனங்களை மிஞ்ச ஆள் உண்டா?

நர்சு வந்து முதுகிலே தட்டினாள். மாது உதட்டைப் பிதுக்கினான். அவ்வளவுதான்! குள்ளம்மாள் சாவிக்கொத்தை ஆட்டினாள், சென்னப்பன் மீசையை இழுக்கக் குடுத்தான், செல்லி நாக்கிலே சர்க்கரை வச்சாள். மாது சிரிச்சான். நர்சு தலையிலே அடிச்சிக்கிட்டுப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி சாவிக்கொத்து ஆடுச்சு. புள்ளையைக் காப்பாத்துறதிலே என்ன ஒரு ஒத்துமை!

சாயங்காலம் காய்ச்சல் ஏறிடுச்சு. நெஞ்சுக்குள்ள கரகரன்னு சத்தம். மகாராஜாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. டாக்டர் குழல் வச்சுக் கேட்டுட்டு, செல்லியை நேராப் பார்த்தார்.

"இப்படியே அடைச்சா மறுபடி குழாய் போடணும். அப்புறம் பொழைக்கிறது கஷ்டம்மா. அவனை அழ வைங்க."

எறும்பு கடிச்சாக்கூட எறும்பைத் திட்டி வளர்த்த புள்ளை. நர்சு தட்ட ஆரம்பிச்சதுமே குள்ளம்மாளோட கை இடுப்புச் சாவிக்குப் போச்சு. அதைப் பார்த்ததும் செல்லிக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ ஆத்திரம், புள்ளையோட தொடையைப் பிடிச்சு நறுக்குன்னு கிள்ளினாள்.

"அடிப் பாவி! நீ பெத்தவளா, பேயா?"ன்னு குள்ளம்மாள் பாஞ்சு வந்தாள்.

"கிட்ட வந்தீங்கன்னா உங்களையும் கிள்ளுவேன் அண்ணி. தள்ளி நில்லுங்க!"

மாது வாயைத் திறந்தான். சத்தம் வரலை. இதோ நீலம் ஏறப் போகுது, இதோ ஏறப் போகுதுன்னு செல்லி அவன் உதட்டையே பார்த்தாள். அப்புறம் வீல்னு ஒரு அலறல் கிளம்புச்சு பாருங்க! கூடவே இருமல், கொழகொழன்னு சளி. நர்சு துணியாலே வழிச்சு எடுத்தாள். அவன் அடங்கலை. ஒன்றரை வருசத்துப் பாக்கியை ஒரேயடியா அழுது தீர்த்தான். கத்தக் கத்தக் கன்னம் செவந்துச்சு, காது செவந்துச்சு. நீலம் எங்கேயும் இல்லை.

"ஐயோ, எம்புள்ளை செவக்கிறான்யா!"ன்னு சென்னப்பன் மண்டிக் குரல்லே போட்ட கூச்சல்லே அடுத்த வார்டே எழுந்து உட்கார்ந்துச்சு. நர்சு அவனை வெளியே துரத்தினாள்.

செல்லி எதையும் கேட்கலை. அழுவுற மவனோட செவந்த உதட்டை விரலாலே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அவளும் வாய்விட்டு அழுதாள்.