நாலடிக் கைப்பிடி

விடுதி மேலாளர் அந்த ஹார்டுவேர் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எது வேண்டுமென்றாலும் மேசையில் இருந்தபடியே போனில் சொல்லிவிடுவார். சாமான் வந்து இறங்கிவிடும். ஆனால் முந்தின நாள் தீயணைப்பு அதிகாரி பாய்லர் அறைக்குள் நுழைந்து, சுடுசாம்பல் பட்டு உருகிக் கோணிப்போன பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துவிட்டார். வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் போனார். அதனால் மேலாளரே நேரில் கிளம்ப வேண்டியதாயிற்று.

விடுதிக்கு வெந்நீர் போடும் அந்த விறகு பாய்லரைக் கவனித்துக்கொள்பவளை எல்லாரும் பாய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "நீங்களும் வாங்கம்மா, சாமான் தூக்க ஆள் வேணும்" என்று அவளையும் அழைத்துக்கொண்டார்.

"சாம்பல் அள்ளவா? அடுப்பு வாய் எத்தனை அகலம் சார்? உள்ளே ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார் கடைக்காரர்.

மேலாளர் விழித்தார். சுவரில் சாத்தியிருந்த, சாம்பல் இழுக்கும் ஆறடிச் சுரண்டியைக் காட்டி, "அதையே குடுங்க. நீளமா இருந்தா கை சுடாது" என்றார்.

"ஆறடி வேண்டாம் சார்" என்றாள் பின்னால் நின்ற பாய்லரக்கா. "அடுப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல அஞ்சடிதான் இருக்கு. போன வருஷம் இந்தக் கடையிலேர்ந்து வந்ததும் ஆறடிதான். வெளிய இழுக்க முடியாம சுவத்துல இடிக்குது. அதுல இப்ப துணி காயுது."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எதை வச்சும்மா அள்ளுறீங்க?"

"சமையல்கட்டுல கழிச்ச கரண்டிதான். மூலைச் சாம்பலுக்குக் கையை உள்ள விட்டாத்தான் எட்டும். இவ்வளவு ஆழம்."

சட்டைக் கையை ஏற்றிவிட்டு வலது கையை மேசைமேல் நீட்டினாள். முழங்கை வரைக்கும் தீத்தழும்புகள். வெளுத்துப்போன பழையவற்றின் மேலேயே புதியவை சிவந்திருந்தன. அவள் காட்டியது ஆழத்தை. கடைக்காரர் பார்த்தது தழும்பை.

"உங்களுக்கு யாரும்மா சாமான் வாங்கிக் குடுக்குறது?" அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நாலடிச் சுரண்டி கேட்டு மூன்று முறை அவள் எழுதிக் கொடுத்த சீட்டை, 'கரண்டிதான் இருக்கே' என்று திருப்பி அனுப்பியவர் மேலாளர்தான்.

"முன்ன இருந்தவருங்க. சார் இப்பத்தான் புதுசா வந்திருக்காரு" என்றாள் பாய்லரக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ஆமாம் என்று தலையாட்டினார்.

அதன்பிறகு அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, தூக்கிப் பார்த்துத் தேர்ந்தாள். நாலடிக் கைப்பிடியில் வளைந்த தலை வைத்த சுரண்டி. மூடியோடு இரும்பு வாளி. புகைக்குழாய்க்குக் கம்பி பிரஷ். பிளாஸ்டிக் பிடி போட்டிருந்ததை, "இது உருகிடும்" என்று ஒதுக்கிவிட்டு மரப்பிடி போட்டதை எடுத்தாள்.

வெளியே வந்ததும் வாளியை அவர் வாங்கப் பார்த்தார். "நீங்க எதுக்கு சார்? நான் வந்ததே தூக்கத்தானே" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்றது.

"ஏம்மா அப்படிப் பொய் சொன்னீங்க?"

"பின்ன? நாலு பேர் நிக்கிற கடையில உங்க மானத்தையா வாங்கச் சொல்றீங்க?"

மறுநாள் காலையில் அவர் தனியாக அந்தக் கடைக்குப் போனார். "நான் புதுசு இல்லீங்க. அந்தச் சாமானெல்லாம் வாங்கிக் குடுக்காம இருந்தது நான்தான்."

"தெரியும் சார்" என்றார் கடைக்காரர், தராசில் ஆணி நிறுத்துக்கொண்டே. "ஒன்பது வருஷமா போன்ல கேக்குற குரலாச்சே. அந்தம்மாவே மறைக்கும்போது நான் எதுக்கு உடைக்கணும்னு விட்டுட்டேன்."

திரும்பி வந்தவர் நேராக பாய்லர் அறைக்குப் போனார். சுரண்டி கரகரவென்று சாம்பலை இழுத்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா."

"என்ன சார்? சத்தத்துல கேக்கல."

இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை உரக்கவே சொன்னார். அவள் கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"சரி சார்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சாம்பல் பறக்கும்."