ஆறு மணிப் பச்சைப் புள்ளி

"இது நான் சொன்னாலும் கேக்குமோ, நீர் சொன்னால் மட்டும்தானோ?" என்று புது மின்குமிழைக் காட்டிச் சுதாகரன் அன்று கேட்டான்.

"ஆர் சொன்னாலும் கேக்கும். ஆனால் இங்கிலிஷிலை சொல்லவேணும்" என்றாள் சுமித்திரா.

"அப்ப துரைமார் வீட்டுப் பல்ப் எண்டு சொல்லும். நான் இருட்டிலை இருக்கப் பழகிட்டனப்பா."

"நான் பழகேல்லை."

வேலை செய்யும் கிளிநொச்சிப் புடவைக் கடையில், வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்க, அந்தக் கதைதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. மணி ஆறு பத்து. போனில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

போரின் கடைசிச் சண்டையில் முதுகுத்தண்டில் பாய்ந்த எறிகணைத் துண்டு, இடுப்புக்குக் கீழே சுதாகரனுக்கு உணர்வே இல்லாமல் ஆக்கியிருந்தது. அதெல்லாம் தெரிந்துதான், வீட்டார் எவ்வளவு மறித்தும் கேளாமல், சுமித்திரா அவனைக் கட்டினாள். வட்டக்கச்சி வீட்டில் சுவிச்சுகள் எல்லாம் நிற்கக்கூடியவர்களின் உயரத்தில் இருந்தன. அவள் வேலை முடிந்து வரும்வரை அவன் சக்கரக் கதிரையில் இருட்டில் இருப்பான். போன ஆவணியில் பழைய ரியூப்லைற்றுகளைக் கழற்றிவிட்டு, போனில் சொன்னால் எரியும் எல்.ஈ.டி. மின்குமிழ்களைப் பூட்டுவித்தாள்.

ஊருக்குச் சொன்ன காரணம் அது. மற்றதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் சுதாகரன் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தான். தற்செயலாக நேரத்தோடு வந்ததால் அவள் காப்பாற்றினாள். அன்றிலிருந்து அவனிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று நினைப்பாள். வாய் வராது. கேட்டால் அந்த நாள் மறுபடி வீட்டுக்குள் வந்துவிடுமோ என்ற பயம். ஆறு மணிக்கு அவன் வாசல் விளக்கைப் போட்டால் அவளுடைய போனில் பச்சைப் புள்ளி விழும். அதைக் கண்ட பிறகுதான் அடுத்த சேலையை மடிப்பாள்.

அவனுடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கமலாசனியின் போனும் அப்படியே. வட்டக்கச்சியிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"கரண்ட் இருக்குது பிள்ளை. ரீவி பாத்திட்டுத்தான் வாறன்."

சுமித்திரா குடையையும் எடுக்காமல் ஓட்டோவில் ஏறினாள்.

ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் வெளிச்சம். அவர்களுடைய வீடு மட்டும் கறுத்துக் கிடந்தது. செருப்போடே உள்ளே ஓடினாள்.

"சுமித்திராவோ? பாத்து வாரும், நிலமெல்லாம் ஈரம்."

இருட்டுக்குள்ளிருந்து சுதாகரனின் குரல். சுவரைத் தடவிச் சுவிச்சைப் போட்டாள். எரியவில்லை.

"மெயினைப் போடும். இடி முழங்கினவுடனை கமலாசனி அக்கா ஓடிவந்து நிப்பாட்டிப்போட்டா. போன் இடியை இழுக்குமெண்டு அதையும் நிப்பாட்டி, அலுமாரிக்கு மேலை வைச்சிட்டுப் போட்டா. நல்லகாலம், என்னைத் தூக்கி மேலை வைக்கேல்லை."

அவள் சிரிக்கவில்லை. மெயினைப் போட்டதும் வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. அலுமாரியடியில் விளக்குமாறு கிடந்தது. அவனுடைய முழங்கை உரிந்து இரத்தம் கசிந்தது.

"என்னப்பா இது?"

"உமக்குக் கோல் எடுக்கப் போனைத் தட்டி விழுத்தப் பாத்தன், நான்தான் விழுந்தன். திரும்பக் கதிரையிலை ஏற அரை மணித்தியாலம். ஆறு மணிக்கு நீர் பாப்பீரெல்லோ."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருநாள் அஞ்சு நிமிசம் பிந்திப் போட்டனான். உடனை கோல் எடுத்து, கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டனீர்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சில நாளிலை வாய் திறக்கவே மனம் வராது, சுமித்திரா. நீர் பாத்துக்கொண்டிருப்பீர் எண்டுதான் போடுறனான்."

ஈரச் சேலையோடு அவள் கதிரைச் சில்லருகே தரையில் இருந்தாள். அவன் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. இனி அண்டைக்குச் செய்தமாதிரி ஒண்டும் செய்யமாட்டன் எண்டு எனக்குச் சொல்லுங்கோ. லைற்றாலை வேண்டாம். வாயாலை சொல்லுங்கோ."