முக்காலி உயரத்து மணிக்கூண்டு

ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்தப் பழைய நகரத்தின் நூற்று எண்பது அடி மணிக்கூண்டு முக்காலி உயரத்துக்குக் குறைந்தது. உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பதினொரு பேர் அப்படியே நடைபாதையில் கால் வைத்து இறங்கினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கும் வேலை மிச்சம் என்று சொல்லிக்கொண்டே ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்கள். காரணம் என்னவென்று நகராட்சி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றிப்பார்க்க வந்த காப்பீட்டு நிறுவனத்துச் சேத மதிப்பீட்டாளர் ஒருவர், சதுக்கத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று, மணிக்கூண்டை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தார்.

அந்த ஊர்க் கட்டடங்களின் சுபாவம் அப்படி. பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தால் நிமிர்ந்து நிற்கும். உதட்டைப் பிதுக்கினால் குறுகிவிடும். மனிதர்களுக்கும் ஊர் எல்லைக்குள் அதே விதிதான். நகராட்சி இதற்கென்றே ஆள் வைத்திருந்தது. கோப்புகளில் அவர்கள் வியப்பாளர், நிலை இரண்டு. ஊர்ப் பேச்சில் வாய்பிளப்பார். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டு நேரம் நீங்கலாக, ஆளுக்கொரு கட்டடத்தின் முன்னால் நின்று வாயைப் பிளக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போது ஒரு சாதாரணக் கரண்டியைக் கையில் கொடுத்து, அரை மணி நேரம் அதைப் பார்த்து வியக்கச் சொல்வார்கள். சிரித்தவரையும் கொட்டாவி விட்டவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாதாரணச் சுற்றுலாக்காரர்களின் அலட்சியத்தால் ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம் குறையும், சாயங்காலத்துக்குள் சரிக்கட்டிவிடுவார்கள். ஆனால் மதிப்பீட்டாளருடையது தொழில்முறை அலட்சியம். இருபத்திரண்டு வருடமாக எரிந்த வீட்டின் முன்னாலும் கவிழ்ந்த லாரியின் முன்னாலும் வெள்ளம் புகுந்த கடையின் முன்னாலும் நின்று இதே கேள்வியைக் கேட்டவர். அவர் கேட்டதும் வீட்டுக்காரருக்கே, நம் வீடு அவ்வளவாக எரியவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். இப்படியும் ஒரு பிழைப்பு.

அவருடைய மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. கல்யாணமாகி வரும்போது அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் இந்த மணிக்கூண்டின் படம். ஊசி, நூல், பொத்தான் போட்டுவைத்த அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம், ஒரு நாள் இதன் உச்சிக்கு ஏறி, ஆறு இரண்டாகப் பிரிந்து நகரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்றாகிற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. ஈரத் தரையில் நின்று நின்று தேய்ந்த முழங்கால் இரண்டுக்கும் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு படி ஏறுகிற பேச்சே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வியாழக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு வியாழக்கிழமை கிடையாது. கணவர் ஆறு வாரம் யோசித்து ஒப்புக்கொண்டார். கூடவே தன் அக்காவையும் அழைத்துக்கொண்டார். அவர் சொல்வதை ஒரு முறை திருப்பிச் சொல்ல ஆள் வேண்டுமே. மகளும் வந்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒரு செய்தியை, நல்ல ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்லலாம் என்று அவள் பொத்திவைத்திருந்தாள்.

காலை ஒன்பதரைக்குக் கோட்டை வாசலில் ஆரம்பித்தார். "இவ்வளவுதானா?" என்றார். "இதுக்குத்தானா இவ்ளோ தூரம்?" என்றாள் அக்காக்காரி. இருபத்தெட்டு அடி வாசல் ஆறடியானது. பின்னால் வந்த சுற்றுலாப் பேருந்து வெளியிலேயே நின்றுவிட்டது. அங்கே பணியில் இருந்த வாய்பிளப்பார் விட்டுக்கொடுக்காமல் பிளந்ததில் தாடை நழுவி, வாயை மூட முடியாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்து அரண்மனையின் அவைக்கூடம் சமையலறை அளவுக்குச் சுருங்கியது. உள்ளே இருந்த முப்பது பேர் ஜன்னல் வழியாகப் பிதுங்கி வெளியே வந்தார்கள். கல் பாலம் வாய்க்கால் பாலமாயிற்று. அடியில் போன படகு செருகிக்கொண்டது. மதிப்பீட்டாளருக்கு இது எதுவும் ஆச்சரியமாக இல்லை. தான் சொன்னது சரிதான் என்று கட்டடமே ஒப்புக்கொள்கிறது, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இந்த மாதிரி ஆளை எந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் பேருந்துக் காசு தண்டம்.

சதுக்கத்துக்குள் நுழையும் முன்பே மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இதை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் ஏறி இறங்கினதுக்கு அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க." "நான் என்ன சொல்றேன்? உள்ளதைத்தானே சொல்றேன்" என்று அவர் கையை உதறி இடுப்பில் வைத்துக்கொண்டார். மீதி முதலிலேயே சொல்லப்பட்டது. முழங்கால் உயரத்தில் நின்ற மணிக்கூண்டின் முன்னால் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பன்னிரண்டு மணி அடித்தது. டம்ளரில் ஸ்பூன் தட்டுகிற சத்தம். "முட்டி வலி, முட்டி வலின்னு சொன்னியே, இப்ப ஒரே எட்டுல தாண்டிடலாம் பாரு" என்றார், நிஜமாகவே உதவி செய்துவிட்ட நினைப்பில். "அதானே, தாண்டிடலாம்" என்றாள் அக்காக்காரி. மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள், இருபத்தாறு வருடப் பழக்கம்.

ஆற்றோர ஹோட்டல் நூற்றைம்பது வருடப் பழசு. வெள்ளை விரிப்பு, கனமான வெள்ளிக் கரண்டி, நடக்கிற சத்தமே கேட்காத பரிமாறுபவர். சூப் வந்தது, மதிப்பீட்டாளர் கேட்டார், கிண்ணம் பாட்டில் மூடி அளவானது. மீன் வந்தது, கேட்டார், நெத்திலியானது. பரிமாறுபவர் எதுவும் நடக்காதது போலத் தட்டை மாற்றினார். அவர் அந்தத் தொழிலில் பலரைப் பார்த்தவர். அந்த நேரம் பார்த்து மகள் தன் செய்தியைச் சொன்னாள். "துறைமுகத்துல கிரேன் ஓட்டுற வேலைக்கு என்னை எடுத்திருக்காங்க. எழுநூறு பேர் எழுதினதுல நாலு பேர்தான்." அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா? இதுக்கா நாலு வருஷம் படிச்சே?" மகளின் கால் தரையிலிருந்து எழும்பி நாற்காலியில் தொங்கியது. முகவாய் மேஜை விளிம்புக்கு வந்தது. ஹோட்டலில் இதற்கென்றே வைத்திருக்கும் உயர நாற்காலிகளில் ஒன்றைப் பரிமாறுபவர் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

தாய் அந்த நாற்காலியை எட்டத் தள்ளிவைத்தாள். ஆனால் அவள் சண்டை போடவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. "கிரேனா? அவ்ளோ உயரத்துல, அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள, நீயே உக்காந்தா ஓட்டுவே?" "நான் மட்டும்தாம்மா. நாப்பது டன் தூக்கும்." தாயின் வாய் தானாகத் திறந்துகொண்டது. மூடவே இல்லை. மகளின் கால் தரையைத் தொட்டது, தலை பழைய உயரத்துக்கு வந்தது, அங்கே நிற்காமல் இன்னும் மூன்று விரல் போயிற்று. சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. தாய் மகளைப் பார்த்தாள், தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள், நாப்கினை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "எங்க போறே, இன்னும் சாப்பாடு முடியலையே?" என்றார் கணவர். "நீங்க சாப்பிட்டு வாங்க" என்றாள்.

மணி ஒன்றே கால். மணிக்கூண்டின் வாய்பிளப்பார் நடைபாதையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். "இப்ப சாப்பாட்டு நேரம்மா, ரெண்டு மணிக்கு மேல பாக்கலாம்." "பரவாயில்ல, நானே பாத்துக்கறேன்" என்று அவள் அந்த முக்காலியின் முன்னால் நின்றாள். டப்பா மூடியில் பார்த்த அதே ஜன்னல்கள், அதே செங்கல் வளைவு, எல்லாம் விரல்நீளத்தில், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அவள் வாய் திறந்தது. மணிக்கூண்டு முதலில் அவள் இடுப்புக்கு வந்தது, பிறகு தெருவிளக்குக்கு, பிறகு நூற்று எண்பது அடிக்கு; அதையும் தாண்டிப் போய் இருநூற்று இருபத்தொரு அடியில் நின்றது. வாய்பிளப்பார் கையில் பிடித்த சோற்றோடு எழுந்து நின்றுவிட்டார். அதிகமான நாற்பத்தொரு அடியையும் சேர்த்து இப்போது முந்நூற்று எண்பத்திரண்டு படி. பின்னாலேயே வந்துவிட்ட மகள் தோள் கொடுக்க, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவள் ஏறி முடித்தாள்.

மேலே அவள் ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாகப் பிரிந்தது, நகரத்தைச் சுற்றியது, ஒன்றானது. படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் கலங்கலாக, கொஞ்சம் அகலமாக. அதன் பிறகுதான் கீழே பார்த்தாள். சதுக்கத்தின் நடுவில் யாரோ ஒருவர் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவ்வளவு உயரத்திலிருந்து யாரைப் பார்த்தாலும் எல்லோரும் சொல்கிற வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். "அது யாரு, உங்கப்பாவா? இவ்வளவுதானா?"

கீழே இறங்கி வந்தபோது அவர் கட்டைவிரல் அளவில் நடைபாதைக் கல்லின் மேல் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நகராட்சி இந்த விஷயத்தில் கறாரானது. ஊரில் குறைந்தவரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துதான் அனுப்ப வேண்டும். தாடை நழுவியவர் நீங்கலாக ஆறு வாய்பிளப்பார்களும் வரவழைக்கப்பட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். கரண்டியைப் பார்த்தே அரை மணி நேரம் வியந்தவர்கள், அவரைப் பதினேழு நிமிடம் பார்த்தார்கள். ஒருவருக்குக் கொட்டாவி வந்தது, மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. விதிப்படி அடுத்து உறவினர் முயலலாம்; அவர்களாலும் முடியாவிட்டால் அப்படியே அழைத்துப்போகலாம். அக்காக்காரி குனிந்து, "என் தம்பி மாதிரி உண்டா" என்று பார்த்ததில் நான்கு விரல் வளர்ந்து டீ கிளாஸ் உயரத்துக்கு வந்தார். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, மனதாரத்தான் முயன்றாள். கல்யாண நாளிலிருந்து ஒவ்வொரு வருடமாக ஞாபகப்படுத்திக்கொண்டு, அவரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அவரைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மகள் துறைமுகத்தில் மூன்று கிரேன்களுக்குப் பொறுப்பாளரானாள். மதிப்பீட்டாளர் இன்னும் இரண்டு வருடம் வேலைக்குப் போனார். அவர் இருந்த அளவுக்கு, கருகிய அடுப்பே எரிந்த ஆலையாகத் தெரிந்ததால் மக்களுக்கு நியாயமான இழப்பீடு கிடைத்தது. நிறுவனம் அதைக் கண்டுபிடித்து அவரை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது அவருக்கு அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் இடம். மூடியிலுள்ள மணிக்கூண்டு அவரைவிட இரண்டு விரல் உயரம். ஒரு நாள் அவள் அலமாரியைத் துடைக்கும்போது, "மேல ஏறி அப்படி என்னதான் பாத்தே?" என்று கேட்டார். அவள் துணியை உதறிக்கொண்டே, "சொன்னா இவ்வளவுதானான்னு கேப்பீங்க" என்றாள். அவரை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்து, டப்பாவைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாள்.