ஒன்றும் கேட்காத இணைப்பு

தாம் படித்துவந்த, ஹட்டன் பயிற்சி நிலையம் ஒன்றின் சனிக்கிழமைக் கணினி வகுப்பில் மனைவி ஷிராணியைச் சேர்த்துவிட்டவர் மிலான்தான். அக்கரப்பத்தனையிலிருந்து வரும் பஸ்ஸில் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்றே எண்ணினார். அவர் கணித ஆசிரியர். ஷிராணி தோட்டத்து முன்பள்ளியில் கற்பிப்பவர்.

வகுப்பின் இறுதி வேலை, 'சேவர்' எனப்படும் எளிய கோப்புச் சேவையகம் ஒன்றை எழுதுவது. மற்றக் கணினிகள் இணைந்து ஒரு கோப்பின் பெயரைக் கேட்டால், நிரல் அக்கோப்பை அனுப்பிவைக்க வேண்டும். சிறந்த நிரலை எழுதுபவரையே உதவிப் போதனாசிரியராக நியமிப்பதாகப் போதனாசிரியர் செபஸ்தியாம்பிள்ளை அறிவித்திருந்தார். அப்பதவி தமக்கே கிடைக்கும் என மிலான் பாடசாலையில் சகலரிடமும் சொல்லியும்விட்டார்.

ஆனால் அவரது நிரல் அனுப்பிய படங்கள் பாதியில் உடைந்து வந்தன. ஷிராணியின் நிரல் எல்லாவற்றையும் முழுமையாக அனுப்பியது. வெள்ளிக்கிழமை மாலை அதனைக் கணவரிடம் காட்டி, "பிழை இருந்தா சொல்லுங்க" என்றார்.

ஒரு பிழை இருந்தது. ஒருவர் இணைந்துவிட்டு எதையும் கேட்காதிருந்தால், நிரல் அவருக்காகவே காத்திருக்கும், மற்றவர்களைக் கவனிக்காது. திரையில் வரி வரியாக விரல் வைத்து வாசித்த மிலான் அதனைக் கண்டுகொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இதனைப் பொறாமை என்று எழுதத் தயக்கமாகவே உள்ளது; வேறு சொல் அகப்படவில்லை.

மறுநாள் வகுப்பில் ஷிராணியின் நிரலைப் பரீட்சித்தபோது, மூலையிலிருந்த கணினியிலிருந்து மிலான் முதல் ஆளாக இணைந்தார். கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்யாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க சேவர் தூங்குதுங்க" என்றார் உடன் படிக்கும் திலக்ஷன்.

"எனக்கும் ஒண்ணும் வரல" என்றார் அடுத்த கணினியிலிருந்த நாகலெட்சுமி. "தேயிலை நிறுக்கிற மடுவத்துல முன்னுக்கு நிக்கிற ஆளு கொழுந்தை நிறுக்கவும் குடுக்காம, வழியும் விடாம நின்னா இப்படித்தான்."

வகுப்பு சிரித்தது. ஷிராணி, இணைந்திருந்த கணினியின் இலக்கத்தைத் தம் திரையில் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். மிலான் விசைப்பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

"சேர், அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று ஷிராணி போதனாசிரியரிடம் கேட்டார்.

சிறிது நேரம் எதுவும் கேட்காதவரின் இணைப்பைத் துண்டிக்கும் வரியைச் சேர்த்து, நிரலை மீண்டும் இயக்கினார். கோப்புகள் எல்லாக் கணினிகளுக்கும் சென்றன.

"இந்த ஓட்டையை யாரு கண்டுபுடிச்சது?" என்று செபஸ்தியாம்பிள்ளை வினவினார்.

"அவருதான் சேர்" என்று ஷிராணி கணவரைக் காட்டினார். "வேணும்னேதான் இணைப்பைப் புடிச்சிக்கிட்டு இருந்தாரு. சோதிச்சுப் பாக்கத்தான்."

"பாத்தீங்களா, இதுதான் சோதனை. மிலான் மாஸ்டர், எழும்புங்க."

எல்லோரும் கைதட்டினர். ஷிராணியை உதவிப் போதனாசிரியராக அறிவித்த செபஸ்தியாம்பிள்ளை, "இனி வாராவாரம் நீங்கதான் அவங்க நிரலைச் சோதிச்சுக் குடுக்கணும்" என்று மிலானிடம் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுங்க சேர்" என்று மிலான் பணிவுடன் கூறினார்.

திரும்பும் பஸ்ஸில் ஷிராணி, "நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நேத்து தெரியல."

"தெரியும்ங்க. அந்த எடத்துலதான் ஒங்க வெரலு நின்னுச்சு."

அதற்குமேல் ஷிராணி ஒன்றும் கேட்கவில்லை. மிலான் வெட்கப்பட்டார். ஆயினும், அந்த வரியை ஐந்து நிமிடத்தில் தம்மால் எழுதியிருக்க முடியுமா என்பதையே பஸ் தலவாக்கலை வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தார்.