மொட்டைமாடிப் பழமும் மச்சான் மீசையும்

முத்தையாபுரத்துப் பெருமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், சுடலைக்கண்ணன் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஒரு ஸ்ட்ராபெர்ரி பழுத்துவிட்டது.

"இந்த உப்புக் காத்துல அது காய்ச்சா, மீசையை எடுத்துருதேன்" என்று சவால் விட்டிருந்த மனைவியின் அண்ணன் சிவனாண்டியை, சவரக்கத்தியும் கையுமாக மாடிக்கு அழைத்துப் போனான். பழம் இன்னும் பெருக்கட்டும் என்று, முந்தின நாள்தான் செடியடியில் நெத்திலிக் கருவாட்டை உரமாகப் புதைத்திருந்தான்.

தொட்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூனை நிதானமாக வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"பழத்தை எங்க மாப்ள?"

சுடலைக்கண்ணன் அசரவில்லை. மண்ணுக்குள்ளிருந்து பழத்தை எடுத்துக் கழுவி நீட்டினான். "முழுசா கிடக்குல்லா! தின்னு பாரும் மச்சான், ஊட்டிப் பழம் தோத்துரும்."

சிவனாண்டி மென்றார். "நெத்திலி நல்லாருக்கு மாப்ள. பழம் எப்பம் காய்க்கும்?"

மீசை இன்றும் இருக்கிறது.