வியாழக்கிழமைக் காய்ச்சல்

திங்கட்கிழமை மாலை தம்பி வீட்டுக்குள் நுழைந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கேயோ தலையைக் குனிந்துவிட்டு வந்திருக்கிறான் என்று. பேருந்து ஓட்டுநர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"ஸ்கூல்ல கூப்பிட்டாங்கக்கா. ஒரு லெட்டர் கேட்டாங்க. எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன லெட்டர்?"

"வியாழக்கிழமை பொதுத் தேர்வு. அன்னைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல், வர முடியாதுன்னு."

அக்கா அடுப்பை அணைத்தார். தெருவில் அவருக்கு டைம்கீப்பரம்மா என்று பெயர். நூல் ஆலையின் வாசலில் முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவேடு எழுதியவர். முதலாளியின் மகன் ஒருநாள் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தபோது, பதினோரு நிமிடம் என்றே எழுதினார். வந்தவனை வரவில்லை என்றோ, வராதவனை வந்தான் என்றோ ஒரு வரிகூட அவர் கையால் எழுதியதில்லை.

"பாப்பாவுக்குத்தான் ஒண்ணும் இல்லையே?"

"இல்லதான். எல்லா ஸ்கூலுக்கும் ஒரே கேள்வித்தாள், ஆவரேஜைப் பேப்பர்ல போடுவாங்களாம். மார்க் கம்மியா வாங்குற பதினோரு பேர்கிட்டயும் லெட்டர் வாங்கிட்டாங்க. லெட்டர் இருந்தா கணக்குல சேர்க்க மாட்டாங்க. சும்மா வராம போனா பூஜ்ஜியம் போட்டுடுவாங்க."

"வியாழக்கிழமை வரப்போற காய்ச்சலுக்குத் திங்கட்கிழமையே கையெழுத்தா? செத்த பாட்டியை மூணு தடவை சாகடிச்சு லீவு வாங்கினவனை நான் பார்த்திருக்கேன். அவன்கூட முன்கூட்டியே சொன்னதில்லடா."

தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பொய்யில கையெழுத்துப் போட்ட ஆளு இந்த வீட்டுல இதுவரைக்கும் இல்ல," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தம்பி மகள் தலை நிமிர்ந்தாள். பதின்மூன்று வயது. எந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டு, நம்பாமல் மறுமுறையும் போடுபவள். வகுப்பில் நத்தை என்று பட்டப்பெயர்.

"நான் எழுதணும் அத்தை. மாதிரித் தேர்வுல முப்பத்தெட்டு வாங்கினேன். பாஸுக்கு ரெண்டுதான் குறைச்சல்."

"எல்லாக் கேள்வியும் தொட்டியா?"

"பாதிதான் தொட்டேன். தொட்டதுல தப்பு கம்மி."

மறுநாள் காலை டைம்கீப்பரம்மா தலைமை ஆசிரியரின் அறையில், சொல்லும்வரை உட்காராமல் நின்றார். சொன்ன பிறகும் உட்காரவில்லை. கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். மூலையில் சுருட்டி வைத்த ஒரு துணிப் பதாகை. 'தொடர்ந்து நான்காம் ஆண்டும் முதலிடம்' என்ற எழுத்தில் பாதி வெளியே தெரிந்தது. தேர்வு இன்னும் நடக்கவே இல்லை.

"பிள்ளைங்க நல்லதுக்குத்தான்மா. தோத்துட்டா மனசு உடைஞ்சிடும்."

"அவ மனசு என் வீட்டுல இருக்கு சார், நான் பார்த்துக்கறேன். நீங்க லெட்டரைக் குடுங்க."

"ஃபைல்ல ஏறிடுச்சு. ஹால்ல டெஸ்க்கூட முப்பத்திரண்டுதான் போட்டிருக்கோம். இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தச் சரி எப்படிப்பட்டது என்று ஆலைக்காரர்களுக்குத் தெரியும். தலைமை ஆசிரியருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையும் மறுநாள் மாலையும், கடிதம் கொடுத்த மற்றப் பத்து வீட்டுக் கதவையும் தட்டினார். கூடவே தம்பி. வா என்று யாரும் அழைக்கவில்லை, அவனாகவே செருப்பை மாட்டிக்கொண்டான்.

தையல்காரர் வீட்டில் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். "எங்க பையன் ஃபெயிலாயிட்டா மானம் போயிடும்மா."

"ஃபெயிலானா மார்க்குதான் போகும். இருக்கிற பிள்ளையை இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே, அப்ப போனதுக்குப் பேரு என்ன?"

அவள் கதவு முழுதாகத் திறந்தது.

வியாழக்கிழமை காலை தேர்வுக் கூடத்தின் வாசலில் தேர்வு வாரியத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் அம்மாள், முத்திரையிட்ட வினாத்தாள் கட்டுடன் நின்றார். பக்கத்தில் தலைமை ஆசிரியர், கையில் பதினோரு கடிதங்கள். அப்போதுதான் படியேறி வந்தது ஊர்வலம்: பதினோரு பிள்ளைகள், பின்னால் பெற்றவர்கள், முன்னால் டைம்கீப்பரம்மா.

"யாரும்மா இவங்கல்லாம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"காய்ச்சல்காரங்க மேடம்."

தலைமை ஆசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை.

டைம்கீப்பரம்மா பையிலிருந்து மருந்துக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய, நெற்றியில் காட்டினால் எண் சொல்லும் காய்ச்சல் கருவியை எடுத்தார். "சார் கையில இருக்கிற லெட்டரைப் படிங்க, நான் இதைப் படிக்கிறேன்." வரிசையாகப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. ஒவ்வொன்றையும் கண்காணிப்பாளருக்கும் காட்டினார்.

ஒன்பதாவதாக நின்றவன் சலவைக்காரர் மகன். கருவி நூற்றிரண்டு என்றது.

டைம்கீப்பரம்மா ஒரு நொடி அசையவில்லை. எண்ணை அவர் மட்டும்தான் பார்த்திருந்தார். பையனின் கண் சிவந்திருந்தது. "ராத்திரியிலேர்ந்து சுடுது," என்று முணுமுணுத்தான். "போகலைன்னா நீங்க திட்டுவீங்கன்னு அம்மா அனுப்பிட்டாங்க." பின்னால் தம்பி, வேண்டாம் என்பதுபோல் லேசாக இருமினான். இந்த ஒன்று போதும், மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

"நூத்திரண்டு மேடம்," என்றார் உரக்க. "இவன் லெட்டர் உண்மை. தேதிதான் முந்திக்கிச்சு. இவனை வீட்டுக்கு அனுப்பணும்."

அன்றைக்கு முதல்முறையாகத் தலைமை ஆசிரியர் சிரித்தார். "பார்த்தீங்களா மேடம், நாங்க பொய் சொல்லல."

கண்காணிப்பாளர் அவரைப் பார்க்கவில்லை. டைம்கீப்பரம்மாவைப் பார்த்தார். "இந்த ஒண்ணை மறைச்சிருந்தா நான் மத்த பத்தையும் நம்பியிருக்க மாட்டேன்," என்றார். மிச்சம் இரண்டு பேரையும் தன் கையாலேயே சோதித்தார். பிறகு கடிதங்களை வாங்கித் தேதியைப் புரட்டினார். எல்லாம் திங்கட்கிழமை, எல்லாம் ஒரே வாசகம். சலவைக்காரர் மகனுடையதை மட்டும் எடுத்துக் கோப்பில் வைத்தார். "அவனுக்கு மறுதேர்வு இருக்கு. இந்தப் பத்தையும் எழுதினவங்க கையிலயே குடுங்க சார். எனக்கு வினாத்தாள் நாப்பத்திமூணு வந்திருக்கு. டெஸ்க் எங்கே?"

அதற்குப் பதிலைத் தலைமை ஆசிரியர் யோசிப்பதற்குள் தம்பி ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டான். தையல்காரர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் பிடித்து முதல் டெஸ்க்கைத் தூக்கி வந்தார்கள். கடைசி டெஸ்க்கை அவன் யாரையும் தொடவிடாமல் தானே தலையில் வைத்துச் சுமந்து வந்து, மகளுக்காக ஜன்னலோரம் இறக்கினான். வெளியே வந்ததும் தன் கடிதத்தை எட்டாகக் கிழித்தான். துண்டுகளைக் கீழே போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மணி பத்தடிக்க நாலு நிமிஷம் இருக்கு," என்றார் அக்கா. "நல்லாத் தூக்கினே."

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. பள்ளி முதலிடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. கடிதங்களைப் பற்றி விளக்கம் கேட்டு வாரியத்திலிருந்து தலைமை ஆசிரியருக்கு ஓர் உத்தரவும் வந்தது. அந்தப் பதாகை பிரிக்கப்படவே இல்லை. பின்னாளில் ஓவிய வகுப்பு மேசைக்கு விரிப்பாயிற்று என்று கேள்வி. பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறியிருந்தார்கள். சலவைக்காரர் மகன் மறுதேர்வில் ஒன்பதாவது ஆளானான்.

மகள் மதிப்பெண் அட்டையை மேசையில் வைத்தாள். நாற்பத்தேழு.

தம்பி அவசரமாகப் பேனாவை எடுத்தான். "இருங்கப்பா," என்றாள் மகள். ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் விரல் வைத்துக் கூட்டினாள். நம்பாமல் மறுபடியும் கூட்டினாள். டைம்கீப்பரம்மா கைகட்டி நின்று காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்கு. இப்பப் போடுங்க."

தம்பி போட்டான். கட்டத்துக்குள் அடங்காமல், பெரிதாக, முழுப்பெயரும் தெரியும்படி.

அக்கா அட்டையை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மதிப்பெண்ணைப் பார்த்ததைவிட அதிக நேரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

"இது நம்ம வீட்டுக் கையெழுத்து," என்றார்.